தலையாட்டுவதற்கு முன்னால்

ஹெப்பாள் என்றதும் பெங்களூர் ஏர்போர்ட் போகிற வழியில் வரும் மேம்பாலத்தை நினைத்துக்கொள்ளாதீர்கள். அது வேற ஹெப்பாள். நான் குப்பை கொட்டுவது மைசூர் ஹெப்பாளில். ஒரு பக்கம் ரிங் ரோடு, ஒரு பக்கம் ஏரி, நடுவில் இன்ஃபோசிஸ் வளாகம், அதைச் சுற்றிப் பெரிசும் சிறுசுமாக ஃபேக்டரிகள். காலை ஷிப்டுக்கு டீக்கடையில் நின்றால் திருநெல்வேலித் தமிழும் தருமபுரித் தமிழும் சேர்ந்து காதில் விழும். ஐடி மக்களுக்கு இருப்பது போல எங்களுக்கு ஹெச்.ஆர். ஹெல்ப் டெஸ்க்கெல்லாம் கிடையாது. ஒரு பிரச்சினை என்றால் முன்னாடியே வந்து செட்டிலான ஒரு அண்ணனைத் தேடி ஓட வேண்டியதுதான்.

அப்படி என்னைத் தேடி வந்த ஒரு தம்பியின் கதையில் ஆரம்பிக்கிறேன்.

எங்கள் மாடி போர்ஷனில் ஒரு வருஷம் குடியிருந்தான். சங்கரன்கோவில் பக்கம். ஐடிஐ ஃபிட்டர். புளிக்குழம்பு பிரமாதமாக வைப்பான் (அன்றைக்கு நானே தட்டோடு மேலே போய்விடுவேன்). ஒரு நாள் ஸ்வீட் பாக்ஸோடு வந்து, "குவைத்ல வேலை கிடைச்சிருச்சுண்ணே" என்றான். இரண்டு மாசம் கழித்து அதே தம்பி செத்த மூஞ்சியோடு வந்து நின்றான். "போலீஸ் சர்டிபிகேட்ல மாட்டிக்கிச்சுண்ணே."

என்னடா பண்ணினே என்றால், அவனுக்கே சரியாக ஞாபகம் இல்லை. தோண்டித் துருவியதில் வெளியே வந்தது இதுதான். 2016-ல் கர்நாடகாவிலேயே வேறு ஒரு ஊரில் (ஊர் பேர் வேண்டாம்) ரூம்மேட்டோடு மெஸ் காசு எண்ணூறு ரூபாய்க்குச் சண்டை. வாசலை மறித்து நின்று கன்னத்தில் ஒன்று விட்டிருக்கிறான். பக்கத்து வீட்டுக்காரர் போலீஸுக்குப் போன் பண்ண, இருவரையும் அள்ளிக்கொண்டு போய், அடி வாங்கியவனிடம் ஒரு புகார் எழுதி வாங்கியாகிவிட்டது. பிரிவு 341, 323. வழியை மறித்தல், சாதாரண காயம். மறுநாள் ராத்திரி இரண்டு பேரும் ஒரே பார்சல் பரோட்டாவைப் பிய்த்துத் தின்றிருக்கிறார்கள். ஆனால் பேப்பர் பரோட்டா தின்னாதே. அது தன் பாட்டுக்கு நடந்து கோர்ட்டுக்குப் போய்விட்டது.

சில மாசம் கழித்து சம்மன். தெரிந்த மேஸ்திரி ஒருத்தர், "ஃபைன் கட்டிட்டு வந்துரு, அரை நாள் லீவோட முடிஞ்சுரும்" என்றிருக்கிறார். போனான். பேர் கூப்பிட்டார்கள், கூண்டு பக்கம் நின்றான். கன்னடத்தில் ஒரு கேள்வி. "தப்பு ஒப்பிகொள்தீரா?"

தம்பிக்கு அப்போது கன்னடம் வராது. ஆனால் "தப்பு" கன்னடத்திலும் தப்புதான். நண்பனை அடித்தது தப்புதானே என்று நினைத்து, பள்ளிக்கூட வாத்தியார் முன்னால் நிற்பது போலத் தலையாட்டிவிட்டான். ஃபைன் கட்டினான், ரசீதை மடித்துப் பர்ஸில் வைத்தான். வண்டிக்கு நோ பார்க்கிங்கில் போடுவார்களே, அந்த மாதிரி என்று நினைத்துக்கொண்டான். அது ஒரு குற்றவாளித் தீர்ப்பு என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. கன்னடத்தில் சொல்லியிருந்தாலும் புரிந்திருக்காது. கடைசியில் குவைத் கம்பெனி அவனுக்காகக் காத்திருக்கவில்லை.

நான் சட்டம் படித்தவன் இல்லை. குவாலிட்டி டிபார்ட்மென்டில் காலிப்பரோடு மல்லுக்கட்டுகிறவன். ஆனால் இந்தத் தம்பி விஷயத்துக்காக நாலு வக்கீல்களிடம் பேசி, சட்டப் புத்தகத்தையும் புரட்டியதில் வயிறு எரிந்தது.

ஒன்று. 323-ம் 341-ம் சமாதானமாகப் போகக்கூடிய குற்றங்கள். அடி வாங்கியவன் "எங்களுக்குள்ள ராஜியாயிட்டோம்" என்று சொன்னால் போதும், அதற்கே சட்டத்தில் விடுதலைத் தீர்ப்பின் பலன் உண்டு. அடி வாங்கிய அந்த நண்பன் அன்றைக்குத் துணைக்கு வந்து கோர்ட் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தான்! முப்பதடி தூரம். அவனை உள்ளே கூப்பிட்டிருந்தால் கதை முடிந்தது.

இரண்டு. ஒப்புக்கொண்டுதான் ஆக வேண்டும் என்றாலும், 1958-லேயே வந்த நன்னடத்தைச் சட்டம் இருக்கிறது. முதல் தடவை, சின்னக் குற்றம் என்றால் கண்டித்து அனுப்பச் சொல்லி கேட்கலாம். அப்படி அனுப்பினால், தீர்ப்போடு ஒட்டிக்கொண்டு வருகிற தகுதியிழப்பு எதுவும் வராது என்று அதே சட்டத்தின் 12-வது பிரிவு சொல்கிறது. கேட்டால் கிடைத்துவிடும் என்று உத்தரவாதம் இல்லை. ஆனால் கேட்காதவனுக்கு யார் கொடுப்பார்?

மூன்று. குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை வாங்கிய பிறகு, மாஜிஸ்திரேட் கோர்ட் தீர்ப்பின் மேல் அப்பீல் கிடையாது. தண்டனை அதிகம், சட்டப்படி இல்லை என்று மட்டும் வாதாடலாம். "நான் பண்ணலை" என்று சொல்கிற கதவு, தலையாட்டிய நிமிஷத்தில் சாத்திக்கொள்கிறது.

இந்த மூன்றும் பெரிய சட்ட நுணுக்கம் இல்லை. ஒரு கடைசி வருஷ சட்ட மாணவனுக்கு நன்றாகத் தெரியும். அவன் அந்த இடத்தில் ஏன் இல்லை என்பதுதான் என் கேள்வி.

நம் ஊரில் போலீஸ்காரர்கள் "பெட்டி கேஸ்தான்" என்பார்கள். மெட்ராஸில் "75 போட்டு அனுப்பு" என்றால் சென்னை நகரப் போலீஸ் சட்டத்தின் 75-வது பிரிவு. குடித்துவிட்டுக் கலாட்டா செய்கிறவர்களுக்கென்றே இருப்பது போல ஒரு பிரிவு. இங்கே கர்நாடகப் போலீஸ் சட்டம், 1963-ல் 92-வது பிரிவு கிட்டத்தட்ட அதன் அண்ணன். பெட்டி கேஸ் என்ற வார்த்தையே நம்மை ஏமாற்றுகிறது. போலீஸுக்கு அது பெட்டி, கோர்ட்டுக்கு அது பத்து நிமிஷம். பாஸ்போர்ட் வாங்கப் போகிறவனுக்கு மட்டும் அது பெட்டி இல்லை. பாஸ்போர்ட் சட்டத்தின் 6(2)(எஃப்) பிரிவைப் பாருங்கள். இந்தியக் குற்றவியல் கோர்ட்டில் வழக்கு நிலுவையில் இருந்தாலே பாஸ்போர்ட் மறுக்கலாம். வழக்கு எவ்வளவு சின்னது என்று அந்தப் பிரிவு கேட்பதில்லை. கோர்ட் அனுமதி வாங்கி வரலாம் என்று 1993-ல் ஒரு அறிவிக்கை வந்தது, உண்மை. ஆனால் அது தெரிய வேண்டுமே? அமெரிக்க விசா படிவமோ ஒரு படி மேலே. எப்போதாவது கைதானதுண்டா, தண்டனை பெற்றதுண்டா, மன்னிப்பு கிடைத்திருந்தாலும் சொல் என்கிறது. பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பத் துடிக்கும் நம் குடும்பங்கள் டோஃபலுக்கும் ஜிஆர்ஈக்கும் செலவழிக்கிறோம். இதைப் பற்றி வீட்டில் ஒரு நாளாவது பேசியிருக்கிறோமா?

"இலவச வக்கீல் உண்டே?" என்பீர்கள். உண்டு. காகிதத்தில் ரொம்ப நன்றாகவே உண்டு. 1976-ல் 42-வது திருத்தம் அரசியல் சாசனத்தில் 39ஏ பிரிவைச் சேர்த்தது. 1987-ல் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் வந்து, 1995 நவம்பர் 9-ல் அமலானது. அதன் 12-வது பிரிவில் யாருக்கெல்லாம் இலவசம் என்று பட்டியல் இருக்கிறது. ஏழைகளுக்கு மட்டும்தான் என்று நானும் நினைத்திருந்தேன். இல்லை. பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் எல்லாரும் வருமானம் பார்க்காமல் வருகிறார்கள். கூடவே ஒரு வரி: தொழிற்சாலைத் தொழிலாளி. ஹெப்பாளில் ஷிப்டுக்குப் போகிற அத்தனை பேரையும் மனதில் வைத்தே எழுதியது போல இருக்கிறது. இங்கே எத்தனை பேருக்கு இது தெரியும் என்று என் லைனில் கேட்டேன். பதினோரு பேரில் ஒருவருக்குக் கூடத் தெரியவில்லை, சூப்பர்வைசர் உட்பட.

சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு உச்ச நீதிமன்றத்திலேயே உதாரணம் இருக்கிறது. சுக் தாஸ் வழக்கு, 1986. அருணாசலப் பிரதேசம். இடமாற்ற உத்தரவை ரத்து செய் என்று ஓர் உதவிப் பொறியாளரை மிரட்டியதாகக் குற்றச்சாட்டு. வக்கீல் இல்லாமலேயே விசாரணை முடிந்து இரண்டு வருஷ ஜெயில். அவர் கேட்கவில்லையே, அதனால் கொடுக்கவில்லை என்பது அரசுத் தரப்பு. இலவச வக்கீல் உண்டு என்பதே தெரியாதவன் எப்படிக் கேட்பான் என்று நீதிபதி பகவதி அந்தத் தண்டனையையே ரத்து செய்தார். ஆனால் அந்த உரிமை சிறைக்குப் போக வாய்ப்புள்ள வழக்குகளை மனதில் வைத்துச் சொன்னது. ஃபைனோடு போகிற வழக்குக்குக் கூப்பிட்டுச் சொல்ல யாருக்கும் நேரமில்லை.

குறை சொல்லிக்கொண்டே போகாமல் நல்லதையும் சொல்லிவிடுகிறேன். கைதுக்கு முன்னாலேயே ஸ்டேஷனில் சட்ட உதவி கிடைக்க 2019-ல் தேசிய ஆணையம் ஒரு நடைமுறை வகுத்தது. 2022-ல் மாவட்டங்களில் முழுநேரச் சம்பளத்தில் எதிர்தரப்பு வக்கீல்கள் என்று ஒரு திட்டம் வந்தது. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள புதிய நடைமுறைச் சட்டத்தில், பணமில்லாதவனுக்கு அரசுச் செலவில் வக்கீல் என்பது செஷன்ஸ் விசாரணைக்கு மட்டும் என்றிருந்த பழைய வரம்பு போய்விட்டது. 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம், கைதுக்கான காரணத்தை எழுத்தில், அதுவும் கைதானவனுக்குப் புரிகிற மொழியில் கொடுக்க வேண்டும் என்றது. கன்னடம் தெரியாத தமிழனுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்! ஆனால் என் தம்பி கைதாகி உள்ளே இருக்கவில்லை. சம்மன் வாங்கி, பஸ் ஏறி, தானே போய்த் தலையாட்டியவன். இந்த நல்ல ஏற்பாடுகள் எல்லாம் கொலை, கொள்ளை, ரிமாண்ட் என்று ஓடும்போது பெட்டி கேஸ்காரன் சந்தில் விழுந்துவிடுகிறான்.

அந்தச் சந்துக்குத்தான் சட்ட மாணவர்கள் வேண்டும் என்கிறேன்.

மைசூரில் சட்டக் கல்லூரிக்குப் பஞ்சமில்லை. ஜே.எஸ்.எஸ்., வித்யாவர்தகா, சாரதா விலாஸ் என்று வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொரு சட்டக் கல்லூரியிலும் மூத்த ஆசிரியர் மேற்பார்வையில், கடைசி வருஷ மாணவர்கள் நடத்தும் சட்ட உதவி மையம் இருக்க வேண்டும் என்று பார் கவுன்சிலின் 2008 விதிகள் சொல்கின்றன. 2011-ல் தேசிய ஆணையமும் தனியாக விதி போட்டது. நாட்டில் பொதுவாக இந்த மையங்கள் செய்வது என்ன? கிராமத்துக்குப் போய் பேனர் கட்டி, விழிப்புணர்வு முகாம் நடத்தி, குரூப் போட்டோ எடுத்துக்கொண்டு வருவது. அதையும் கேலி செய்யவில்லை. ஆனால் விழிப்புணர்வு தேவைப்படுகிற ஆள் அந்த நேரத்தில் கோர்ட் வராந்தாவில் முழித்துக்கொண்டு நிற்கிறான்.

மாணவன் கோர்ட்டில் வாயைத் திறக்க முடியாது என்பது நிஜம். 1961 வக்கீல்கள் சட்டப்படி பதிவு செய்த வக்கீல்தான் வாதாடலாம். ஆனால் அதே சட்டத்தில் 32-வது பிரிவு என்று ஒரு ஜன்னல் இருக்கிறது. குறிப்பிட்ட ஒரு வழக்கில், வக்கீல் அல்லாத ஒருவரையும் ஆஜராக கோர்ட் அனுமதிக்கலாம். அந்த ஜன்னலை மாணவர்களுக்காக ஒழுங்காக, விதி போட்டு, சிறு வழக்குகளுக்கு மட்டும் திறந்துவிட்டால் என்ன?

இதைச் சொன்னதும் எனக்குத் தெரிந்த வக்கீல் ஒருவர் சிரித்தார். "ஏழைங்க தலையில உங்க பசங்க தொழில் பழகணுமா? ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் கதையா?" என்றார். நியாயமான கேள்வி. ஆனால் அவர் எடுத்த வைத்திய உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். மைசூர் கே.ஆர். ஆஸ்பத்திரியில் உங்கள் நாடியைப் பிடித்துப் பார்ப்பது முதலில் யார்? மருத்துவக் கல்லூரிப் பிள்ளைகள். பின்னால் பெரிய டாக்டர் நிற்கிறார், அவ்வளவுதான். சட்டத்தில் தலைகீழ். போன மாசம் வரைக்கும் ஒரு சைக்கிள் திருட்டுக்காகக் கூட வாயைத் திறக்கக் கூடாது என்று உட்கார வைக்கப்பட்ட பையன், பதிவு செய்து கவுன் மாட்டிய மறுநாள் கொலை வழக்கில் தனியாக வாதாடலாம்! எது ஆபத்து என்று நீங்களே சொல்லுங்கள். எங்கள் ஃபேக்டரியில் டிரெய்னியை ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷனில் கையெழுத்துப் போட விடமாட்டோம். உள்ளே வருகிற சரக்கைப் பார்க்க விடுவோம். பாதிக் கோளாறு அங்கேயே மாட்டிவிடும்.

வெளியே பாருங்கள். அமெரிக்காவில் 1972-ல் ஆர்ஜர்சிங்கர் வழக்கு. ஃப்ளோரிடாவில் மறைத்து ஆயுதம் வைத்திருந்ததாக, வக்கீல் இல்லாமல் 90 நாள் சிறை பெற்றவர். ஒரு நாள் ஜெயில் என்றாலும் வக்கீல் இல்லாமல் அனுப்பக் கூடாது என்றது அவர்கள் உச்ச நீதிமன்றம். இத்தனை வக்கீலுக்கு எங்கே போவது என்ற கவலைக்கு, சட்ட மாணவர்களும் இருக்கிறார்களே என்று நீதிபதி பிரெனன் தனியாக ஒரு குறிப்பு எழுதினார். ஹார்வர்டில் 1949-லிருந்தே மாணவர்கள் நடத்தும் ஓர் அமைப்பு, வழக்குப் பதியலாமா வேண்டாமா என்று பார்க்கும் ஆரம்பக் கட்ட விசாரணைகளிலேயே ஏழைகளுக்காக ஆஜராகிறது. தலையாட்டுவதற்கு முந்தின கட்டம்!

நம் மக்கள் நிறைய இருக்கிற டொரொண்டோ கதை இன்னும் சுவாரசியம். ஒன்டாரியோவில் சட்டக் கல்லூரி மாணவர்கள் வக்கீல் மேற்பார்வையில் சிறு குற்ற வழக்குகளில் கோர்ட்டில் நின்றே பேசுகிறார்கள். யார்க் பல்கலைக்கழகத்து ஆஸ்குட் ஹால் மாணவர்களின் சட்ட உதவி மையம் இதற்கு ஓர் உதாரணம். 2019-ல் கனடா குற்றவியல் சட்டத்தைத் திருத்தியபோது ஒரு கோளாறு நடந்தது. சிறு குற்றங்களுக்கான உச்சபட்ச சிறை, பெரும்பாலும் ஆறு மாசம் என்பதிலிருந்து இரண்டு வருஷத்துக்கு ஒரு நாள் குறைவு என்று ஏறியது. ஆறு மாசத்துக்கு மேல் தண்டனை வரக்கூடிய வழக்கில் வக்கீல் அல்லாதவர் ஆஜராகக் கூடாது என்று ஏற்கனவே ஒரு விதி. இரண்டும் சேர்ந்தால் மாணவர்கள் அத்தனை பேரும் அவுட். சட்டக் கல்லூரிகள் சத்தம் போட்டன. மாகாண அரசு இந்தத் திட்டங்களை அங்கீகரித்துத் தொடர வழி செய்ய வேண்டியிருந்தது. மாணவர்கள் இல்லாவிட்டால் கோர்ட்டில் ஒரு ஓட்டை விழும் என்று அங்கே எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. இங்கே அந்த ஓட்டை ஆரம்பத்திலிருந்தே இருப்பதால் கண்ணுக்குப் படவில்லை.

ஸ்கார்பரோவில் இருக்கிற சொந்தங்களுக்கு ஒரு வார்த்தை. குடியுரிமை வாங்காமல் நிரந்தரவாசியாக மட்டும் இருப்பவர்கள் அங்கே இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். 2018 டிசம்பரிலிருந்து குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதே, குடிவரவுச் சட்டத்தின் கண்ணில் கடுமையான குற்றம். "ஃபைன் கட்டிட்டு வந்துரு" மேஸ்திரிகள் அந்த ஊரிலும் உண்டு.

எனக்குப் பெரிய சட்டத் திருத்தமெல்லாம் வரும் என்ற நம்பிக்கை இல்லை. விதி மாறும் வரைக்கும் வாதாட வேண்டாம். மைசூர் கோர்ட் வளாகத்தில், மாஜிஸ்திரேட் கோர்ட் வராந்தாவில், சம்மன் வாங்கி வருகிறவர்களுக்காக ஒரு மேஜை, இரண்டு மாணவர்கள், கூப்பிடு தூரத்தில் ஒரு வக்கீல். "உங்க மேல என்ன செக்‌ஷன்? எதிராளி யாரு? ராஜியாக முடியுமா? பாஸ்போர்ட் இருக்கா?" என்று நாலு கேள்வி. பதிலை எழுதி இலவச வக்கீலிடம் கொடுத்துவிட்டால் போதும். இதற்கு எந்தச் சட்டமும் குறுக்கே நிற்கவில்லை. கொள்ளேகால், சாம்ராஜ்நகர் பக்கத்துப் பிள்ளைகளும் மைசூருக்குப் படிக்க வருகிறார்கள். அவர்களில் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள் கிடைப்பது கஷ்டமில்லை. அந்த மேஜையில் ஒரு தமிழ்க் குரல் கேட்டால், காவிரி சீசனில் வாயையே திறக்கப் பயப்படுகிற நம் ஆட்களுக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நாமும் சும்மா இருக்க வேண்டாம். பொங்கல் விழாவுக்கு ஆர்கெஸ்ட்ராவுக்குக் கொடுக்கிற காசில் கொஞ்சத்தை அந்தப் பிள்ளைகளின் பஸ் சார்ஜுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் ஒதுக்கலாம். (ஆர்கெஸ்ட்ரா கமிட்டியினர் அடிக்க வராதீர்கள்.)

தம்பி இப்போது ஓசூரில் இருக்கிறான். கல்யாணம் ஆகிவிட்டது. மாப்பிள்ளைத் தோழனாக நின்றது யார் என்று நினைக்கிறீர்கள்? கன்னத்தில் அடி வாங்கிய அதே நண்பன்தான்.

பி.கு.: இலவசச் சட்ட உதவிக்கு நாடு முழுக்க ஒரே எண், 15100. போன் பண்ணும்போது "நான் ஃபேக்டரித் தொழிலாளி" அல்லது "நான் பெண்" என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், சம்பளச் சான்றிதழ் தேடி அலைய வேண்டியிருக்காது. சம்மனில் 323, 341 என்ற பழைய எண்களுக்குப் பதில் 115(2), 126(2) என்று இருந்தால் குழம்ப வேண்டாம், 2024 ஜூலைக்கு அப்புறம் நடந்த சம்பவங்களுக்குப் புதிய சட்டத்தின் எண்கள் அவை.